வேப்பம்பட்டுக் கிணற்றில் கிடைத்த இலை

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் புதைபடிவங்களுக்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஒரு சிப்பி, ஒரு மீன் எலும்பு, ஒரு பெரணி இலை என்று மூன்று படங்கள். ஆவடியில் ஒரு பெண்கள் பள்ளியில் அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் ஆறு வருடம் நடத்தியிருந்தேன். கரும்பலகையில் மூன்று படங்களையும் புத்தகம் பார்க்காமல் வரைவேன். ஒரு புதைபடிவத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. எரிமலையையும்தான் பார்த்ததில்லை, அதையும் நடத்திக்கொண்டுதான் இருந்தேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. நானும் என் கணவரும் அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருக்கு அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. வேப்பம்பட்டில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிஷ நடையில் ஒரு மனை வாங்கியிருந்தோம். சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லையும் கருவேல மரமும்தான். வீடு கட்டத் தண்ணீர் வேண்டும், அதனால் முதலில் கிணறு என்று முடிவானது. மே மாதம் எனக்குப் பள்ளி விடுமுறை. அவருக்கு லீவு கிடையாது. கிணறு வெட்டும் இடத்தில் வீட்டு ஆள் ஒருவர் இருக்கட்டும் என்று நான் தினமும் காலை வண்டியில் போய்ச் சாயங்காலம் திரும்புவது என்று வைத்துக்கொண்டோம்.

அதில் இன்னொரு விஷயமும் இருந்தது. எனக்கு அப்போது இரண்டாம் மாதம் முடியும் நேரம். அதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. கனமாக எதையும் தூக்காதே, மற்றபடி சாதாரணமாக இரு என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் தனியாக இருந்தால் என்னால் சாதாரணமாக இருக்க முடியவில்லை. வயிற்றில் லேசாக இழுத்தாலே பயந்து உட்கார்ந்துவிடுவேன். நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தால் மனம் வேறு பக்கம் போகும் என்று என் கணவர்தான் சொன்னார். வேறு யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. என் அம்மாவுக்குக்கூட.

கிணறு வெட்ட வந்தவர்கள் கள்ளிக்குப்பத்துக் குடும்பம் ஒன்று. அண்ணனும் தம்பியும் உள்ளே இறங்கி வெட்டுவார்கள். அவர்கள் மனைவிமார் இருவரும் மேலே நின்று கப்பியில் கயிற்றை இழுத்து மண் கூடையை ஏற்றுவார்கள். பிறகு அதைத் தலையில் சுமந்து மனை ஓரத்தில் கொட்டுவார்கள். மூத்தவளுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். உயரமானவள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போவாள், ஒரு தடவையும் திரும்பிப் பார்க்க மாட்டாள், கால் எங்கேயும் இடறாது. இளையவள் அதிகம் பேசமாட்டாள். இருவருக்கும் நான் டீச்சர். எனக்கு இருவருமே "ஏம்மா."

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, குடிதண்ணீர்க் குடத்தை நிழலுக்கு நகர்த்தலாம் என்று நான் குனிந்தேன். மூத்தவள் கயிற்றை இளையவள் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அத்த வெய்யி டீச்சரு. நீ தூக்காத."

"இது என்ன கனம்?"

"வோணாம்." குடத்தை அவளே இடுப்பில் எடுத்துக்கொண்டு போய் ஓலைக் கொட்டகைக்குள் வைத்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "எத்தினி மாசம்?"

பதில் சொன்னால் ஏதோ ஆகிவிடும் என்று ஒரு பயம்.

"சொல்ல வோணாம் உடு," என்றாள். "எனுக்குத் தெரிஞ்சிப் போச்சி, அவ்ளோதான். நா யார்கிட்டயும் சொல்லிகினு திரிய மாட்டேன்."

அன்றிலிருந்து நான் எழுந்தால் அவள் கண் என் பக்கம் வரும். நடந்தால், வழியில் கிடக்கும் கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போவாள். அதைப் பற்றி மறுபடி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேலே செம்மண். அதன்கீழ் ஓர் ஆள் உயரத்துக்குச் சரளை. பதினைந்து அடியைத் தாண்டியதும் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு களிமண் பாறை வர ஆரம்பித்தது. கடப்பாரை பட்டால் பழைய நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் மாதிரி தட்டுத்தட்டாகப் பிரிந்தது. தண்ணீர் வருகிற மாதிரியே தெரியவில்லை. அண்ணன்காரர் மேலே ஏறி வந்து பீடி பற்றவைக்கும்போதெல்லாம், "இன்னும் பத்தடி போனா வந்துரும் டீச்சரு," என்பார். பத்தடி போன பிறகும் அதையே சொன்னார்.

இருபத்தைந்து அடி இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கூடையைக் கொட்டப் போன மூத்தவள் திரும்பி வரவில்லை. மண் குவியல் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து கூடை கேட்டுக் குரல் வந்தது. அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பிறகு எழுந்து நேரே என்னிடம் வந்தாள். இரண்டு கையிலும் ஒரு கல் பலகை, உள்ளங்கை அகலம்.

"டீச்சரு, கல்லுக்குள்ள எல கீது பாரு."

வெளிர்ச் சாம்பல் கல்லின்மேல் துருவின் நிறத்தில் ஓர் இலை. விரல் நீளம். நடுவில் ஒரு தண்டு, அதன் இரண்டு பக்கமும் சீப்பின் பற்கள் மாதிரி நெருக்கமாகச் சின்னச் சின்ன இலைகள். நுனி லேசாக ஒரு பக்கம் வளைந்திருந்தது, காற்றில் அசைந்து அப்படியே நின்றுவிட்ட மாதிரி.

"யாரோ வரைஞ்சி வெச்சா மாறி கீது. ஆனா வரையல," என்றாள். "பாரு, இந்தாண்ட ஒண்ணு ஒடிஞ்சிருக்குது. வரையறவன் எதுக்கு ஒடிச்சி வரைவான்?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள் நான். கல்யாண மண்டப வாசலில் தொட்டியில் வைக்கிற சைகஸ் செடியின் இலை மாதிரி இருக்கிறது, ஆனால் அது இல்லை என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஆறு வருடம் நடத்திய ஒன்றரைப் பக்கம் கையில் இருக்கிறது, அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் கல்லைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் கணவர் கை கழுவிவிட்டு வந்து அதைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வேதத்தில் ஊறின குடும்பம் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை ஒரு வாரமும் தவறவிட மாட்டார். இது பல கோடி வருஷத்துக்கு முந்தினதாக இருக்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் கல்லைத் திருப்பிப் பார்த்தார். "கர்த்தர் உலகத்தைப் படைச்சப்போ செடி கொடியெல்லாம் மூணாவது நாள்தானே உண்டாச்சு," என்றார். பிறகு, "அப்போ அந்த மூணாவது நாள் ரொம்ப நீளமான நாள் போலிருக்கு," என்று சொல்லிக் கல்லைப் பத்திரமாக என் கையில் திருப்பிக் கொடுத்தார். அதோடு அவருக்கு விஷயம் தீர்ந்துவிட்டது. லேத்தில் நூலிழை கணக்குப் பார்க்கிறவர், அந்த இலையின் பற்களை மட்டும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

என்னோடு பி.எஸ்ஸி. படித்த ஒரு தோழி மெட்ராஸில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். அழிந்துபோன பழைய தாவரங்கள்தான் அவள் ஆராய்ச்சி. எங்கள் இருவருக்கும் ஒன்றாக எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது. அவள் சேர்ந்தாள். எனக்கு அந்த வருடம் கல்யாணம் நிச்சயமானது. யாரும் வற்புறுத்தவில்லை, நானேதான் சரி என்றேன். ஆனாலும் அதன்பிறகு அவளைப் பார்க்கப் போகாமல் இருந்ததற்குக் காரணம் நேரமின்மை மட்டும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் ஒரு வாழ்த்து அட்டை போடுவேன், பொங்கலுக்கு அவள் ஒன்று போடுவாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை சென்ட்ரலில் இறங்கி பஸ் பிடித்து அவள் கல்லூரிக்குப் போனேன். மேஜையெல்லாம் கல்லும் செய்தித்தாளுமாகக் கிடந்த ஓர் அறையில் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி புதிது. என்னைப் பார்த்து எழுந்து, "என்னடி, வழி தெரிஞ்சுதா?" என்றாள். நான் கைக்குட்டையைப் பிரித்தேன்.

அவள் விரலை நாக்கில் தொட்டுக் கல்லில் தடவினாள். ஈரம் பட்டதும் இலை இன்னும் கறுத்துத் துலங்கியது. ஜன்னலோரம் போய்ச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தாள்.

"எங்கேடி இது?"

"வேப்பம்பட்டு. எங்க கிணறு."

"எத்தனை அடியில?"

"இருபத்தஞ்சு."

உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடமாக ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து ஆவடி வரைக்கும் பழைய கிணற்று மண்ணையெல்லாம் கிளறிக்கொண்டிருப்பதாகவும், எல்லாம் வெயிலில் உதிர்ந்துபோய்த் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது என்றும் சொன்னாள். எங்களைச் சுற்றியிருக்கிற இந்த மண்ணின் கதையை அவள் சொல்லித்தான் அன்று முதன்முதலாகக் கேட்டேன். நூறு வருஷத்துக்கும் முன்னால், பாறைகளை வரைபடமாக்க அனுப்பப்பட்ட வெள்ளைக்காரர்கள் மாட்டுவண்டியில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமெல்லாம் சுற்றினார்களாம். தட்டைப் பூமி, மலை கிடையாது, பாறை வெளியே தெரியாது. ஓடைக் கரையிலும் கிணறுகளிலும்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்த்தபோது கிடைத்தவைதான் இந்த இலைகளும், கூடவே கடல் சிப்பிகளும்.

"கடலா, இங்கேயா?"

"கடல் ஓரம். ஆறு வந்து சேத்தைக் கொட்டுற இடம். சேத்துல விழுந்த இலை இது. பத்துக் கோடி வருஷத்துக்கும் மேல." இலைமேல் அவள் விரல் படாமல் காற்றிலேயே அதன் தண்டை வருடினாள். "டைனோசர் காலம்டி. இந்தப் பக்கம் அதோட எலும்பு கிடைக்கல. ஆனா அது நடமாடின காலத்து இலை இது."

திரும்பும்போது அவள் என்னை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டாள். ஆறு வருடத்துக் கூச்சம் ஒரு கல்லில் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் பஸ் வரும்வரை இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். படித்த நாட்களில் அப்படித்தான் நிற்போம்.

இரண்டு நாள் கழித்து, சுத்தியல், உளி, ஒரு மூட்டை பழைய செய்தித்தாளோடு அவள் வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கினாள். பேன்ட் சட்டை போட்டிருந்தாள். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கிணற்றடிக்கு வந்ததும் அவள் முதலில் கேட்டது, உள்ளே இறங்க வேண்டும் என்பதுதான். இலை எந்த அடுக்கில் இருக்கிறது என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

அண்ணன்காரர் முகம் மாறியது. "பொம்பளைங்க எறங்கக் கூடாதும்மா. ஊத்துக்கண்ணு கோச்சிக்கும். தண்ணி வராது."

தோழி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? அவர் தொழில், அவர் நம்பிக்கை. கயிற்றைப் பிடித்தபடி நின்ற மூத்தவள்தான் பேசினாள்.

"ஊத்து எங்க கீது, கோச்சிக்கறதுக்கு? இருவத்தஞ்சு அடி வெட்டிக்கினே. ஆம்பளைங்க எறங்கி வராத தண்ணி, பொம்பளைங்க எறங்கினாவாவது வருதா பாப்போம்."

கீழேயிருந்து தம்பிக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அண்ணன்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "தனியா அந்தம்மா எறங்கினா பயந்துக்கும்," என்று கடைசி ஆயுதமாகச் சொன்னார்.

"அப்போ நானும் கூடப் போறேன்," என்றாள் அவள்.

பன்னிரண்டு வருடமாகக் கிணற்றடியில் நின்று மண்ணை ஏற்றியவள். எத்தனையோ கிணறுகள். ஒரு கிணற்றின் அடியை அவள் பார்த்ததில்லை. அதை அப்போதுதான் சொன்னாள். தம்பிக்காரர் மேலே ஏறி வந்தார். ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி முதலில் தோழியை இறக்கினார்கள். அடுத்து இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். கயிற்றைத் தம்பியிடம் தராமல் அண்ணன்காரரே பிடித்துக்கொண்டார். முட்டி மடங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, கையளவு கையளவாகக் கயிற்றை விட்டார். அவள் தலை மறைந்த பிறகும், "பாத்து, சுவத்துல மோதிக்காத... காலை முன்னால நீட்டிக்கோ," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கயிறு தளர்ந்ததும் விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தார்.

"சேந்துட்டியா?"

"சேந்துட்டேன். ஜில்லுனு கீது. வெளியே இன்னா வெயிலு, இங்க ஊட்டி மாறி கீது. தெனிக்கும் நீ இங்க சொகமா இருந்துகினு எங்கள வெயில்ல காயப் போட்டியா?"

எட்டிப் பார்க்கக் கூடாது என்று என்னைக் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தாள். அதனால் நான் எல்லாவற்றையும் காதால்தான் கேட்டேன். முதலில் தோழியின் சுத்தியல் சத்தம் மட்டும். பிறகு இவள் குரல்: "இப்டி தட்டாதம்மா. மேலருந்து தட்டினா ரெண்டா ஒடியும். பக்கத்துல கொடு. அதுக்கு ஒரு வாட்டம் கீது, அந்தப் பக்கம்தான் பொளந்துக்கும்." மெதுவாக இரண்டு தட்டு. பிறகு என் தோழியின் குரலில், நான் கல்லூரிக் காலத்துக்குப் பிறகு கேட்டிராத ஒரு சின்னக் கூவல்.

இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார்கள். மேலே வந்த கூடைகளில் பத்துப் பலகைகள். முழு இலைகள், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்த இலைகள், ஊசி ஊசியாகச் செதில் வைத்த ஒரு கிளை. கடைசியாகக் கிடைத்ததைக் கூடையில் ஏற்றாமல், மூத்தவள் தன் முந்தானையில் முடிந்துகொண்டு ஏறி வந்தாள். நேரே என்னிடம் வந்து முடிச்சை அவிழ்த்தாள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு விசிறி வடிவம். அதன் நடுவில் ஒரே ஒரு விதை.

"இத்த நாந்தான் கண்டுபுடிச்சேன். அந்தம்மா பாக்கல, நா பாத்துட்டேன்," என்றாள். "வெதையாம் டீச்சரு. கடலோரம் மரமெல்லாம் இருந்துச்சாமே. அதுங்க வெதையாம்."

நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முடியெல்லாம் வெள்ளைத் தூசி.

சாயங்காலம் தோழி ஒவ்வொரு கல்லையும் செய்தித்தாளில் சுற்றி, ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வைத்தாள். ஊர், ஆழம், தேதி. கடைசி வரியில் சேகரித்தவர் என்று தன் பெயர்.

"எடுத்தது அவங்கதானே?" என்றேன்.

"வழக்கம் இப்படித்தான்டி. அந்தக் காலத்து அறிக்கையெல்லாம் நான் படிச்சிருக்கேன். ஊர் பேர் இருக்கும், பாறை பேர் இருக்கும், எழுதின துரை பேர் இருக்கும். கிணறு வெட்டினவங்க பேரை நான் ஒண்ணுலகூடப் பாத்ததில்ல."

"நீ எழுதேன்."

அவள் பென்சிலை நிறுத்தினாள். கோபம் இல்லை, உண்மையாகவே யோசித்தாள். "சரி, எழுதறேன். பேர் சொல்லு."

மூன்று வாரம் பக்கத்தில் இருந்தவள். என் அம்மாவுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். நான் ஒரு தடவைகூட அவள் பெயரைக் கேட்கவில்லை. முகம் சுட்டுப்போய் எழுந்து போனேன். அவள் கை கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரு என்னம்மா?"

அவள் சிரித்துவிட்டாள். "இன்னா டீச்சரு, இப்போ போயி? ரேஷன் கார்டுல ஒரு பேரு கீது, ஊட்ல கூப்பிடறது வேற பேரு. எது வோணும்?"

"எந்தப் பேரைக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்க?"

சொன்னாள். தோழி முதல் இலையோடு சேர்த்துப் பதினோரு சீட்டுகளிலும், விதைக்கான பன்னிரண்டாவது சீட்டிலும் தன் பெயரை அடித்துவிட்டு அந்தப் பெயரை எழுதினாள். அதை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அவளிடம் அனுமதி கேட்கவில்லை என்பதுதான்.

முப்பத்தாறாவது அடியில் தண்ணீர் வந்தது. ஒரு பக்கச் சுவரிலிருந்து கசிந்து, ராத்திரிக்குள் இடுப்பளவு நின்றது. இலை இருந்த அடுக்கையும் சில நாளில் தண்ணீர் மூடிவிட்டது. ஊற்று கோபித்துக்கொள்ளவில்லை என்று அண்ணன்காரரே சொல்லிச் சிரித்தார். அவர்கள் வேறு கிணற்றுக்குப் போனார்கள். போகிற அன்று மூத்தவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நாலாவது மாசம் தொட்டுடுச்சி, இனிமே பயம் இல்ல," என்றாள். நவம்பரில் எனக்குப் பெண் பிறந்தாள். சொல்லி அனுப்ப, கள்ளிக்குப்பம் என்பதைத் தவிர அவள் முகவரி என்னிடம் இல்லை. பெயரைக் கேட்டவளுக்கு வீட்டைக் கேட்கத் தோன்றவில்லை.

தோழியின் ஆராய்ச்சிக் கட்டுரை மூன்று வருடம் கழித்து அச்சில் வந்தது. ஒரு பிரதியை எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் என் பெயர் இருந்தது. மூத்தவள் பெயர் இல்லை. "கிணறு வெட்டிய தொழிலாளர்களுக்கு" என்று பொதுவாக ஒரு வரி. தோழி எழுதியிருந்ததை அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அடித்துவிட்டாராம். கூடவே ஒரு கடிதத்தில் அதைச் சொல்லி வருத்தப்பட்டிருந்தாள். நான் அவளுக்குப் பதில் போடவில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸ் அட்டையும் போடவில்லை. அவள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் போடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "உன்னோட இலைக்காரம்மா எங்க கேன்டீன்லதான் இருக்காங்க," என்றார். கிணற்றுக் கூலி கொடுக்க வந்தவர் என்று சாம்பார் ஊற்றும்போது அவள்தான் அவரை அடையாளம் கண்டு, "டீச்சரு எப்டி கீறாங்க? இன்னா கொழந்தை?" என்று கேட்டாளாம்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, என் கணவர் கேட்டு வந்த அடையாளத்தை வைத்து, மகளைக் கூட்டிக்கொண்டு கள்ளிக்குப்பம் போனேன். ஓட்டு வீடு, வாசலில் அலம்பின பாத்திரங்கள். அவள் என் மகளைத்தான் முதலில் பார்த்தாள். கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "நீதானா அது?" என்றாள். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை, என் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

காபி குடித்துக்கொண்டே கட்டுரை விஷயத்தைச் சொன்னேன். பெயர் விட்டுப்போனதையும் சொன்னேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவள் மனதில் வேறு ஒன்று இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. திட்டக் கூடாது." என்னைவிட மூத்தவளுக்கும் நான் இப்போது டீச்சர் இல்லை, அக்காவாகிவிட்டேன். "அன்னிக்கு நா ஒரு கல்லை எடுத்துகினு வந்துட்டேன். சின்னது. ஒரே ஒரு எல. அந்தம்மாவுக்குத் தெரியாது."

"அதுக்கென்ன? எங்கே அது?"

"எங்க கீது..." கையை விரித்தாள். "எத்தினியோ காலத்து எல, வாடிடப் போதேன்னு சொம்புல தண்ணி ஊத்தி உள்ள போட்டு வெச்சேன். தெனிக்கும் தண்ணி மாத்தினேன். நாலாம் நாளு பாக்கறேன், கல்லே காணோம். அடியில வெறும் சேறு." அவள் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது. "அம்மாம் வருசம் நல்லா இருந்தத நாலு நாள்ல கெடுத்துட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் தோழிக்குக் கடிதம் எழுதினேன். பல வருடங்களுக்குப் பிறகு, நாலு பக்கம்.

அவள் அதே கல்லூரியில் விரிவுரையாளராகியிருந்தாள். உடனே பதில் வந்தது: இருவரும் ஒரு சனிக்கிழமை வாருங்கள். மூத்தவள் இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு அம்பத்தூர் ஸ்டேஷனில் எனக்கு முன்பே நின்றாள். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் அவர்கள் கிணறு வெட்டின இடங்களையெல்லாம் காட்டிக்கொண்டே வந்தாள்.

தோழி வாசலுக்கே வந்துவிட்டாள். "மன்னிச்சிடுங்கம்மா, உங்க பேரை அச்சுல கொண்டுவர முடியல," என்று அவளிடம் நேராகச் சொன்னாள். பிறகு அலமாரியிலிருந்து தடிமனான பதிவேடு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். துறையில் இருக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் அதில் ஒரு வரி. இந்தப் பக்கங்களை எழுதியது அவளே. பன்னிரண்டு வரிகளில், கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அந்தப் பெயர் இருந்தது. தமிழில் எழுதியிருந்தாள். என் தோழியை நான் எவ்வளவு தவறாக நினைத்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்காமல் இழுப்பறையைத் திறந்தாள்.

பருத்தியின்மேல் அந்த முதல் இலை இருந்தது. மேலே மெல்லிசாக ஏதோ பூச்சு பூசியிருந்தார்கள்.

"ஈரமே படாம வெச்சிகிறீங்களா?" என்றாள் மூத்தவள். தோழி ஆமாம் என்றாள். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தோழியிடம் கேட்டாள்: "இத்த எனுக்கு முன்னால யாராவது பாத்திருப்பாங்களா? அந்தக் காலத்துல, மரத்துல இருக்கும்போது?"

"அப்போ மனுஷங்களே கிடையாதும்மா. குரங்குகூடக் கிடையாது. மரத்துல இருந்தப்போ யாரும் பாக்கல. விழுந்தப்போ பாக்கல. இத்தனை கோடி வருஷம் மண்ணுக்குள்ள இருந்தது. இதை மொதல் மொதலாப் பாத்த மனுஷ கண்ணு உங்களோடதுதான்."

அவள் மறுபடி இலையைக் குனிந்து பார்த்தாள். "தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லாப் பாத்திருப்பேனே," என்றாள். "கூடை கூடைன்னு கத்திகினே இருந்தாங்க."

தோழி கல்லைப் பருத்தியோடு எடுத்து அவள் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தாள். ஜன்னல் ஓரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவள் உட்கார்ந்து கல்லை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். நானும் தோழியும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோதும் அவள் அதே இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கூப்பிடவில்லை. போக வேண்டிய வண்டியை விட்டுவிட்டு, அதற்கடுத்த வண்டியில் இருவரும் அம்பத்தூர் திரும்பினோம்.